மதகைத் திறந்தால் கழிமுகம் என்ன ஆகும்? அளந்து அறிவது எப்படி

ஒவ்வொரு பருவமழைக்கும் நம் செய்திகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது. கழிமுகத்து இறாலுக்கும் நண்டுக்கும் வாயிருந்தால் அந்த 'வீணாக'வுக்கு மறுப்பு எழுதும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு காரியம் செய்தார்கள். கடலுக்குப் போகும் மிசிசிப்பி ஆற்றின் கரையில் சுமார் 2.6 கோடி டாலர் செலவில் மதகு கட்டி, ஆற்று நீரைப் பக்கத்திலிருந்த கழிமுகத்துக்குள் வேண்டுமென்றே திருப்பிவிட்டார்கள். மதகின் பெயர் கார்னார்வன். 1991-இல் திறந்தது.

திருப்பிவிட்டதால் கழிமுகத்துக்கு நல்லது நடந்ததா, கெட்டது நடந்ததா? எளிய கேள்விதான். பதிலுக்காகப் பல ஆண்டுகள் அளந்தார்கள், நீதிமன்றம் வரை போனார்கள், இன்னமும் வாதம் முடியவில்லை. அந்த அளவீட்டு வேலை எப்படி நடக்கிறது, அதிலிருந்து என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைப் பார்ப்போம்.

கழிமுகம் என்பது ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம். ஒரு கிலோ கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்று நீரில் கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. இரண்டுக்கும் நடுவே, மேலே போகப் போக உப்பு குறைந்துகொண்டே வரும் ஒரு சரிவு கழிமுகத்தில் இருக்கும். கிலோவுக்கு எத்தனை கிராம் உப்பு என்பதை இனி 'உப்பளவு' என்று மட்டும் சொல்கிறேன். உப்பளவு 2 உள்ள இடத்தில் வளரும் புல் வேறு, 20 உள்ள இடத்தில் வளரும் புல் வேறு. மீனும் அப்படித்தான். பழவேற்காட்டு மீனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகத்துவாரம் அடைபட்டால் வலையில் என்ன மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மிசிசிப்பி டெல்டாவில் நேர்ந்தது என்னவென்றால், அந்தச் சரிவு நிலத்தை நோக்கி நகரத் தொடங்கியது. 1927-இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றின் இருபுறமும் கரைகளை உயர்த்தி இறுக்கினார்கள். வெள்ளம் ஊருக்குள் வராமல் நின்றது. சதுப்புக்கும் வராமல் நின்றது. ஆண்டுதோறும் வெள்ளத்தோடு வந்த வண்டலும் நன்னீரும் நின்றுபோக, சதுப்பு தன் எடையிலேயே அமுங்கியது. எண்ணெய் நிறுவனங்கள் வெட்டிய கால்வாய்கள் வழியே கடல் உள்ளே வந்தது. 1930-களிலிருந்து இதுவரை லூசியானா கரையோரம் இழந்த நிலம் ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டர்.

கார்னார்வன் என்ற இடத்துக்கே ஒரு பழைய கதை உண்டு. 1927 வெள்ளத்தின்போது நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காப்பாற்ற, நகருக்குக் கீழே இந்த இடத்தில்தான் ஆற்றின் கரையை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். நகரம் தப்பியது. கீழே இருந்த செயின்ட் பெர்னார்ட், பிளாக்மின்ஸ் பகுதிகளின் மக்கள் வீடிழந்தார்கள். 'உங்கள் நன்மைக்காகத்தான் தண்ணீர் விடுகிறோம்' என்று யாராவது வந்து சொன்னால் அந்தப் பகுதிக்காரர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

மதகு கட்ட 1965-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்துவிட்டது. கட்டுமானம் 1988-இல்தான் தொடங்கியது. ஆற்றின் கரைக்கு அடியில் 15 அடிக்கு 15 அடி அளவில் ஐந்து பெட்டிக் குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷட்டர். முழுக்கத் திறந்தால் வினாடிக்கு 8,000 கனஅடி. மேட்டூர் செய்திகளில் நாம் படிக்கும் அதே கனஅடிதான். அந்த இடத்தில் மிசிசிப்பியில் சராசரியாக வினாடிக்கு 5 லட்சம் கனஅடி அளவில் ஓடுகிறது என்பதால், ஆற்றுக்கு இது ஒரு துளி. கழிமுகத்துக்கோ துளி அல்ல. ஆற்று மட்டம் சதுப்பின் மட்டத்தைவிட உயர்ந்திருந்தால்தான் நீர் பாயும் என்பதால், பெரும்பாலான நாட்களில் ஓடியது 8,000-ஐ விட மிகக் குறைவு.

மதகின் நோக்கம் என்ன என்பதை இங்கே கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். புது நிலம் உருவாக்குவது அல்ல. பிரெட்டன் சவுண்ட் என்ற அந்தக் கழிமுகத்தில் ஏறிக்கொண்டிருந்த உப்பைக் கட்டுக்குள் வைத்து, ஆளியையும் மீனையும் காட்டுயிர்களையும் காப்பாற்றுவது. பின்னால் வந்த குழப்பத்தில் பாதி, இந்த நோக்கத்தைப் பலரும் மறந்ததால் வந்தது.

ஆளி என்பது அங்கே பெரும் வணிகமான, பாறைபோலக் குவிந்து வளரும் உண்ணும் சிப்பி. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் சாகும்வரை அதே இடம்தான். மீனைப் போல நீந்தி ஓட முடியாது. அதனால்தான் நீர் மாற்றத்தைப் படிக்க நினைப்பவர்களுக்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. மெக்சிகோ வளைகுடா ஆளிக்கு உப்பளவு 5-க்கும் 15-க்கும் இடையே இருந்தால் கொண்டாட்டம். அதற்கு மேலே போனாலும் அது உயிர்வாழும், ஆனால் எதிரிகள் வந்துவிடுவார்கள். ஆளியின் ஓட்டில் ஓட்டை போட்டுச் சதையை உறிஞ்சும் ஒரு கடல் நத்தை உண்டு. 'டெர்மோ' என்று அழைக்கப்படும் ஒட்டுண்ணி நோய் ஒன்றும் உண்டு. இரண்டுக்குமே உப்பு வேண்டும், வெப்பம் வேண்டும். அவ்வப்போது நன்னீர் ஒரு அலசு அலசிவிட்டுப் போனால் இரண்டும் ஒடுங்கும்.

அந்த அலசல் நீண்டுவிட்டால்? ஆளி ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும். குளிர்காலத்தில் அதன் உடல் இயக்கம் மந்தமாக இருப்பதால் வாரக்கணக்கில் தாங்கும். கோடையில் அது முடியாது. உடல் வேகமாக இயங்கும், மூடிய ஓட்டுக்குள் ஆக்சிஜன் தீரும், திறந்தால் நன்னீர். ஆக, ஒரே அளவு தண்ணீரை பிப்ரவரியில் விட்டால் மருந்து, ஜூலையில் விட்டால் நஞ்சு.

இதனால்தான் ஆண்டுச் சராசரி உப்பளவைப் பார்த்து யாரும் எதையும் முடிவு செய்யக்கூடாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் பன்னிரண்டு மாதமும் உப்பளவு 10. இன்னோரிடத்தில் கோடையில் மூன்று மாதம் 1, மற்ற ஒன்பது மாதம் 13. இரண்டுக்கும் ஆண்டுச் சராசரி 10 தான். முதல் இடத்தில் ஆளி செழிக்கும், இரண்டாவது இடத்தில் வெறும் ஓடுதான் கிடக்கும். அறிக்கையில் இரண்டும் ஒரே எண்ணாகத் தெரியும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி 'சராசரி எவ்வளவு' அல்ல. '5-க்குக் கீழே தொடர்ந்து எத்தனை நாள், அப்போது நீரின் வெப்பம் எவ்வளவு' என்பதுதான்.

அதைச் சொல்ல மாதம் ஒருமுறை படகில் போய் ஒரு பாட்டில் நீர் எடுத்துவந்தால் போதாது. கம்பத்தில் சென்சார் கட்டி நீருக்குள் இறக்கிவிட வேண்டும். மணிக்கொரு முறை அது நீரின் மின்கடத்தும் திறனை அளந்து உப்பளவாக மாற்றிப் பதிவு செய்யும். உப்பு அதிகமானால் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்ற பள்ளிக்கூட அறிவியல்தான். தொல்லை என்னவென்றால், கழிமுகத்தில் எதை இறக்கினாலும் சில வாரங்களில் அதன்மேல் பாசி படரும், கொட்டலசு என்ற சின்ன ஓட்டுயிர் ஒட்டும். மேலே உயிர்கள் குடியேறிய சென்சார் மெல்ல மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும். ஆகவே குறித்த இடைவெளியில் ஆள் போய், சுத்தம் செய்வதற்கு முன் ஒரு அளவு, செய்த பின் ஒரு அளவு, கூடவே கையில் கொண்டுபோன சரிபார்த்த கருவியில் ஒரு அளவு எடுக்க வேண்டும். மூன்றையும் வைத்து இடைப்பட்ட பதிவுகளைத் திருத்துவார்கள். கண்காணிப்புச் செலவில் கணிசமான பகுதி இந்தப் படகுப் பயணத்துக்கும் பிரஷ்ஷுக்கும் போகிறது. நிதி ஒதுக்குபவர்கள் முதலில் வெட்டுவதும் இதைத்தான், கருவி வாங்கியாகிவிட்டதே என்று.

சென்சாரை எந்த ஆழத்தில் வைப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. நன்னீர் எடை குறைந்தது, மேலே மிதக்கும். உப்புநீர் அடியில் படியும். ஆழமான வாய்க்கால்களில் மேலே 3-ம் அடியில் 12-ம் இருக்கலாம். ஆளி அடியில் இருக்கிறது என்றால் சென்சாரும் அடியை ஒட்டி இருக்க வேண்டும்.

பல இடங்களின் உப்பளவு கிடைத்ததும், 5 இருக்கும் இடங்களை எல்லாம் ஒரு கோடாகவும், 15 இருக்கும் இடங்களை எல்லாம் இன்னொரு கோடாகவும் வரைபடத்தில் இணைப்பார்கள். கார்னார்வனை இயக்கியவர்களுக்கு இந்த இரண்டு கோடுகள்தான் திசைகாட்டி. இரண்டுக்கும் இடைப்பட்ட பட்டை, நல்ல ஆளிப் பாறைகள் இருக்கும் இடத்தின்மேல் வந்து உட்கார வேண்டும். 15 கோடு உள்ளே வந்தால் ஷட்டரை இன்னும் திற, 5 கோடு வெளியே போய்விட்டால் குறை. சொல்லும்போது எளிது. காற்று இரண்டு நாள் தெற்கிலிருந்து அடித்தால் கோடுகள் கிலோமீட்டர் கணக்கில் நகர்ந்துவிடும். ஷட்டரில் கைவைத்தால் பலன் தெரிய நாட்கள் ஆகும்.

உப்பளவு காரணம், ஆளி விளைவு. விளைவை எண்ணுவது இன்னொரு வேலை. லூசியானாவின் காட்டுயிர் மீன்வளத் துறை ஆண்டுதோறும் கோடையில், அறுவடைப் பருவம் தொடங்கும் முன், பொது ஆளிப் பாறைகளில் முக்குளிப்பாளர்களை இறக்குகிறது. ஒரு சதுர மீட்டர் சட்டத்தை அடியில் வைத்து, அதற்குள் இருப்பதை எல்லாம் அள்ளி மேலே கொண்டுவருவார்கள். படகில் கொட்டிப் பிரிப்பார்கள். 25 மி.மீ.க்குக் கீழே என்றால் குஞ்சு. 25 முதல் 75 மி.மீ. வரை விதை ஆளி, அதை எடுத்துப் போய் வேறிடத்தில் வளர்க்கலாம். 75-க்கு மேல் என்றால் விற்பனைக்கு. குஞ்சு நிறைய, பெரியது இல்லை என்றால், அந்த ஆண்டு இனப்பெருக்கம் நன்றாக நடந்திருக்கிறது, முந்தைய ஆண்டுகளில் ஏதோ கொன்றிருக்கிறது என்று பொருள். பெரியது இருக்கிறது, குஞ்சு இல்லை என்றால் கதை தலைகீழ்.

செத்ததையும் எண்ண வேண்டும், அதில்தான் உண்மையான துப்பு இருக்கிறது. ஆளி செத்தபின் இரண்டு ஓடுகளும் உடனே பிரிவதில்லை. கீல் இணைப்பு சில காலம் தாங்கும், உள்ளே சதை இல்லாத மூடிய பெட்டிபோல இருக்கும். அந்தப் பெட்டியைத் திறந்து உட்புறத்தைப் பார்ப்பார்கள். பளபளவென்று சுத்தமாக இருந்தால் சமீபத்தில் செத்தது. உள்ளே கொட்டலசும் புழுக்கூடும் ஒட்டியிருந்தால் செத்து நாளாகிவிட்டது. ஓட்டில் துளை இருந்தால் நத்தையின் வேலை. துளையும் இல்லை, உட்புறமும் சுத்தம், சுற்றியுள்ள அத்தனையும் ஒரே நிலையில் என்றால் நன்னீரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் சந்தேகம் மட்டும்தான். பக்கத்துச் சென்சாரின் பதிவோடு ஒத்துப்போனால்தான் அது சான்று.

மீன், இறால் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16 அடி அகல இழுவலையைக் குறித்த நேரம் இழுத்து, விழுந்ததை எண்ணி அளப்பார்கள். ஆண்டுக்காண்டு அதே வலை, அதே நேரம், அதே இடம் என்பதுதான் முக்கியம். அங்குள்ள பழுப்பு இறாலின் குஞ்சுகள் இளவேனிலில் கழிமுகத்துக்குள் வரும், அவற்றுக்குக் கொஞ்சம் உப்பு வேண்டும். ஆற்றில் வெள்ளம் வருவதும் அதே இளவேனிலில்தான். அந்த ஊர் வெள்ளை இறால் (நம்மூர் வெள்ளை இறால் அல்ல, வேறு இனம்) கோடையில் வரும், நன்னீரை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆக ஒரே மதகு ஒரு இறாலுக்கு இடைஞ்சல், இன்னொன்றுக்கு அவ்வளவு இல்லை.

ஆற்று நீர் தனியாக வருவதில்லை. அமெரிக்க நடுப்பகுதியின் சோள வயல்களில் போட்ட உரம் நைட்ரேட்டாகக் கரைந்து கூடவே வருகிறது. சதுப்பு வழியே மெல்லப் பரவினால் அதில் பெரும்பகுதியைப் புல்லும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் எடுத்துக்கொள்ளும். கார்னார்வன் அளவீடுகளில் இது நன்றாகவே தெரிந்தது. வாய்க்கால் வழியே வேகமாக ஓடிவிட்டால் ஏரியில் பாசியாக மலரும். அதனால் நீர் எந்தப் பாதையில், என்ன வேகத்தில் போகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சதுப்பு நிலத்தை அளப்பது எனக்கு எப்போதும் வியப்புத் தரும் பகுதி. மண் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் கால் வைத்தாலே அமுங்கும் இடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு உத்திகள் இருக்கின்றன.

முதலாவது, அரை மீட்டர் சதுரத்தில் வெள்ளை நிற ஃபெல்ட்ஸ்பார் பொடியைச் சதுப்பின் மேல் தூவிவிடுவது. காலப்போக்கில் அதன்மேல் வண்டலும் மட்கும் படியும். பிறகு வந்து, உள்ளே ஒரு மெல்லிய குழாயைச் செருகி, திரவ நைட்ரஜன் செலுத்தி, சேற்றை அப்படியே உறைய வைத்து உருவுவார்கள். குச்சி ஐஸ் போல வரும் அந்தச் சேற்றில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும். கோட்டுக்கு மேலே எத்தனை மி.மீ. சேறு இருக்கிறதோ, அத்தனை படிந்திருக்கிறது.

இரண்டாவது, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை இனி இறங்காது என்னும் ஆழம் வரை அடித்து இறக்குவது. அதன் தலையில் மட்டமான ஒரு கையைப் பொருத்தி, கையிலிருந்து ஒன்பது ஊசிகளைச் சதுப்பின் மேற்பரப்பைத் தொடும்வரை இறக்குவார்கள். ஊசி எவ்வளவு இறங்கியது என்பது மேற்பரப்பின் உயரத்தைச் சொல்லும். நான்கு திசையில் திருப்பி நான்கு முறை அளப்பார்கள். ஆள் நிற்பதால் மண் அமுங்கிவிடக் கூடாது என்று பக்கத்தில் பலகைப் பாலம் போட்டு அதன்மேல்தான் நிற்க வேண்டும்.

இரண்டும் ஏன் வேண்டும்? ஆண்டுக்கு 10 மி.மீ. வண்டல் படிகிறது, ஆனால் மேற்பரப்பு 4 மி.மீ. தான் உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 6 மி.மீ. கீழே அமுங்கிப் போய்விட்டது. வண்டலை மட்டும் அளந்தவர் வெற்றி என்பார். அந்தக் கரையோரத்தில் கிராண்ட் ஐல் அளவு நிலையத்தில், நிலம் தாழ்வதையும் சேர்த்து, கடல் மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 மி.மீ. உயர்கிறது. 4 மி.மீ. மட்டும் உயரும் சதுப்பு அங்கே மூழ்கிக்கொண்டிருக்கும் சதுப்புதான்.

சரி, எல்லாம் அளந்தாகிவிட்டது. மதகு திறந்தபின் ஆளி கூடியது என்றே வைப்போம். மதகால்தான் கூடியது என்று எப்படிச் சொல்வது? அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்திருக்கலாம். புது உரத்தைச் சோதிக்கும் விவசாயி ஒரு பாத்தியில் அதைப் போடாமல் விட்டுவைப்பார் அல்லவா, அதே யோசனைதான் இங்கும். மதகு நீர் எட்டும் இடத்திலும் எட்டாத இடத்திலும், திறப்பதற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கு: நீர் எட்டும் இடத்தில் சதுர மீட்டருக்கு 10 ஆளி 16 ஆனது. எட்டாத இடத்தில் 10 ஆளி 15 ஆனது. கூடிய ஆறில் ஐந்து, மதகு இல்லாமலே கூடியிருக்கும். மதகின் பங்கு ஒன்றே ஒன்று.

இதில் 'திறப்பதற்கு முன்' என்ற சொற்கள்தான் உயிர்நாடி. முந்தைய நிலையை அளக்காமல் விட்டால் பின்னால் எவ்வளவு பணம் கொட்டினாலும் திரும்பப் பெற முடியாது. கார்னார்வனில் மதகு இயங்குவதற்கு முன் மூன்றாண்டுகள் அளந்தார்கள் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் மூன்றாண்டு போதுமா என்பது வேறு கேள்வி. வறட்சி ஆண்டும் வெள்ள ஆண்டும் மாறிமாறி வரும் இடத்தில், மூன்றாண்டுகள் மூன்றும் ஒரே மாதிரி அமைந்துவிடலாம். இன்னொரு சிக்கல், பிரெட்டன் சவுண்டுக்கு இரட்டைப்பிறவி கிடையாது. பக்கத்துக் கழிமுகத்தை ஒப்பிட்டால், அங்கே ஆழம் வேறு, கால்வாய் வேறு, அங்கும் யாராவது எதையாவது செய்துகொண்டிருப்பார்கள். இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் லூசியானா பிறகு மாநிலக் கரை முழுக்கச் சுமார் 390 நிரந்தர அளவு நிலையங்களை அமைத்தது. ஒவ்வொன்றிலும் நீர்மட்டம், உப்பளவு, தாவரம், வெள்ளைப் பொடி, எஃகுக் கம்பி எல்லாம் ஒரே முறையில் அளக்கப்படுகின்றன. எந்தத் திட்டம் எங்கே வந்தாலும் ஒப்பிட ஆள் இருக்கும்.

கார்னார்வனில் கண்டது என்ன? கழிமுகத்தின் வெளிப்பகுதியில், முன்பு உப்பு மிகுந்து சோர்ந்திருந்த பொதுப் பாறைகளில், 1990-களில் ஆளி பெருகியது. உட்பகுதியில் நன்னீர்ச் சதுப்பு விரிந்தது. நீர்ப்பறவைகள் கூடின, முதலைக் கூடுகள் கூடின, நன்னீர் மீன்கள் வந்தன. திட்டம் எதிர்பார்த்தது ஏறக்குறைய நடந்தது.

ஆனால் அந்த உட்பகுதி காலியிடம் அல்ல. உப்பு ஏற ஏற உள்ளே நகர்ந்த ஆளியைத் தொடர்ந்து, மாநில அரசிடம் குத்தகை எடுத்து அங்கே ஆளி வளர்த்தவர்கள் இருந்தார்கள். மதகு திறந்ததும் அவர்களுடைய பாறைகள் நன்னீரில் மூழ்கின. 1994-இல் வழக்குப் போட்டார்கள். 2000-இல் அவர்களுக்கு 100 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரத் தீர்ப்பானது. மாநிலமே திவாலாகும் என்று பேசிய தொகை. 2004-இல் லூசியானா உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் பிரிவு பல குத்தகைகளில் இருந்ததும், கரையைக் காப்பது பொதுநலன் என்பதும் தீர்ப்பின் அடிப்படைகள்.

எண்கள் இரு தரப்பிலும் பொய் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கழிமுகம் முழுதையும் கூட்டினால் லாபம். ஒரு குத்தகைக்காரரின் ஏக்கரில் பார்த்தால் முழு நஷ்டம். எந்த எல்லையைச் சுற்றிக் கூட்டல் போடுகிறோம் என்பதைச் சென்சார் முடிவு செய்யாது, மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். 'கழிமுகத்தின் ஆரோக்கியம் மேம்பட்டது' என்று ஓர் அறிக்கை சொன்னால், எந்தப் பகுதியில், எந்த உயிருக்கு என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

அடுத்த சச்சரவு 2005 ஆகஸ்டில் வந்தது. கத்ரீனா புயல் பிரெட்டன் சவுண்டின் மேல்பகுதிச் சதுப்பைப் பாய்போலச் சுருட்டிக் கிழித்துப் போட்டது. கத்ரீனாவும் அதைத் தொடர்ந்த ரீட்டாவும் சேர்ந்து லூசியானாவில் நீராக மாற்றிய நிலம் ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர். மதகு நீர் பாய்ந்த இடம் அதில் பலத்த அடி வாங்கியது. ஒரு தரப்பு ஆய்வாளர்கள் சொன்னார்கள்: நைட்ரேட் கலந்த நீர் கிடைத்தால் புல் மேலே தழைக்கும், வேரில் சோம்பும், மண்ணின் பிடிப்பு போய்விடும், ஆகவே மதகுதான் சதுப்பைப் பலவீனமாக்கியது. மறுதரப்பு: எங்குமே நன்னீர்ச் சதுப்பின் மண் மென்மையானதுதான், புயலின் கடுமை அந்த இடத்தில் அதிகம், மதகின்மேல் பழி போட முடியாது. அதன்பின், மதகு நீர் முதலில் விழும் பிக் மார் என்ற ஆழமற்ற நீர்ப்பரப்பில் வண்டல் படிந்து புது நிலம் முளைக்கத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான ஏக்கர், மரம் நடும் அளவுக்கு. முதல் தரப்புக்கு அது விதிவிலக்கு, இரண்டாம் தரப்புக்கு அதுவே சாட்சி.

இந்த வாதம் முடிவுக்கு வராததற்கு என் பார்வையில் காரணம் ஒன்றுதான். மதகின் அளவீட்டுத் திட்டம் உப்பையும் ஆளியையும் இறாலையும் மையமாக வைத்துப் போடப்பட்டது. அந்தக் கேள்விகளுக்கு அது ஒழுங்காகப் பதில் சொன்னது. வேர் எவ்வளவு ஆழம், மண் எவ்வளவு இழுவிசை தாங்கும் என்பவை 1988-இல் யாருடைய கவலையும் அல்ல. 2005-இல் கேட்ட கேள்விக்கு 1988-இல் அளந்திருக்க வேண்டும். நிலம் கட்டும் திட்டமாகப் பிறக்காத ஒன்றை, நிலம் கட்டியதா என்று பின்னால் விசாரித்தால் இப்படித்தான் ஆகும்.

நீண்டகாலப் பதிவு எதற்கு உதவும் என்பதற்கு 2010 நல்ல எடுத்துக்காட்டு. ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. எண்ணெய் கழிமுகத்துக்குள் வராமல் தள்ள, கார்னார்வன் உட்பட ஆற்று மதகுகளை அகலத் திறந்து கோடையிலும் ஓடவிட்டார்கள். கோடை நன்னீர் ஆளிக்கு என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். கோடிக்கணக்கில் செத்தன. இப்போது கேள்வி: கொன்றது எண்ணெயா, நன்னீரா? இழப்பீட்டுக் கணக்கே இதன்மேல்தான் நின்றது. ஆய்வாளர்கள் ஒவ்வொரு பகுதியிலும் உப்பளவு 5-க்குக் கீழே தொடர்ந்து எத்தனை நாள் இருந்தது என்று கணக்கெடுத்து, அதே இடங்களின் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டார்கள். ஆளி கூண்டோடு அழிந்த இடங்கள், நன்னீர் நீண்டநாள் நின்ற இடங்களோடு பொருந்தின. முந்தைய ஆண்டுகளின் பதிவு இல்லாமல் இருந்திருந்தால், 'அந்தப் பக்கம் எப்போதும் உப்பு குறைவுதானே' என்று ஒரு வழக்கறிஞர் ஒரே வரியில் கதையை முடித்திருப்பார். எண்ணெயை விரட்ட எடுத்த முடிவின் விளைவு என்பதால், அந்த ஆளி இழப்பும் எண்ணெய்க் கசிவின் சேதக் கணக்கில் சேர்ந்தது.

அந்த இழப்பீட்டுப் பணத்தில்தான் பக்கத்து பராட்டாரியா கழிமுகத்துக்கு இதைவிடப் பல மடங்கு பெரிய மதகு ஒன்றைத் திட்டமிட்டார்கள். வினாடிக்கு 75,000 கனஅடி வரை, ஏறத்தாழ 300 கோடி டாலர். இந்த முறை நோக்கமே வண்டலைக் கொண்டுவந்து நிலம் கட்டுவது. கட்டும் முன்பே வெளியான சூழல் மதிப்பீடு ஒளிக்காமல் சொன்னது: பழுப்பு இறாலும் ஆளியும் அங்கே கடுமையாகக் குறையும், அந்தக் கழிமுகத்திலேயே வாழும் சுமார் 2,000 டால்பின்களில் மிகப் பெரும் பகுதி பாதிக்கப்படும். டால்பின்கள் இடம்பெயர மறுத்து, நன்னீரில் தோல் புண்ணாகி நலிவதை, 2019-இல் மிசிசிப்பி ஆற்றின் போனே கேரே வெள்ள மதகு இரண்டு முறை திறந்து மொத்தம் 123 நாள் ஓடியபோது, மிசிசிப்பி சவுண்ட் என்ற கரையோரக் கடற்பகுதியில் நேரிலேயே பார்த்திருந்தார்கள். அதே ஆண்டு அங்கே ஆளியும் பெரும்பாலும் அழிந்தது.

2022 டிசம்பரில் பராட்டாரியா மதகுக்கு அனுமதி கிடைத்தது, 2023 ஆகஸ்டில் வேலை தொடங்கியது, செலவையும் மீன்பிடித் தொழிலின் இழப்பையும் காரணம் காட்டி 2025 ஜூலையில் மாநில அரசே அதைக் கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் கழிமுகத்தில் உப்பு, வண்டல், மீன், சதுப்பு என்று முன்கூட்டியே எடுத்துவைத்த அளவீடுகள் கையில் இருக்கின்றன. அதற்குப் பதிலாகச் சிறியதொரு மதகைப் பற்றி இப்போது பேசுகிறார்கள். அது கட்டப்பட்டால், கார்னார்வனுக்குக் கிடைத்த மூன்றாண்டுகளைவிட நீளமான 'முன்' ஒன்று அதற்குத் தயாராக இருக்கும்.